சீப்பு தெரிந்த இடம்

1. எட்டாம் வகுப்பில், சாரல் பருவம் தொடங்கிய வாரத்தில், எனக்குக் கண் அரிக்க ஆரம்பித்தது.

2. அம்மா தெருமுனை மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றினாள். அரிப்பு உடனே நின்றது.

3. ஒவ்வொரு சாரலுக்கும் அதே சொட்டு வந்தது. பிறகு தூசிக்கு, பரீட்சைக் காலத்துக் கண்விழிப்புக்கு, கல்லூரி விடுதிக்கு என்று வருடம் முழுவதும் வந்தது.

4. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் சாலையின் இடதுபக்கம் நின்ற எருமை மேல் ஸ்கூட்டரை மோதினேன். எருமை நகரவில்லை. நான் விழுந்தேன்.

5. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்தேன். அடுத்து கண்ணின் அழுத்தத்தை அளந்தவர், அளந்ததும் எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தார்.

6. க்ளாக்கோமா, கண் அழுத்த நோய். இடது கண்ணின் நரம்பு பெரும்பாலும் போயிருந்தது. வலது கண்ணில் பாதி.

7. காரணம் அந்தச் சொட்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தது. வருடக்கணக்கில் விட்டால் அது கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

8. கண்ணாடி மாற்றப் போனேன் என்பது வரைதான் அம்மாவுக்குத் தெரியும்.

நான் மென்பொருள் சோதிப்பவள். ஒரு பிழையைப் பற்றி எழுதும்போது, என்ன செய்தேன், என்ன நடந்தது என்று எண் போட்டு எழுதித்தான் பழக்கம். எண் போட்டால் யார் மீதும் பழி விழாது. அதனால்தான் இதையும் அப்படித் தொடங்கினேன். ஆனால் இரண்டாவது வரியில் அம்மா வந்துவிடுகிறாள். அவளை எடுத்துவிட்டு அந்த வரியை எழுத முடியவில்லை.

அம்மாவும் நானும்தான் வீட்டில். அப்பாவுக்குக் கொல்லத்தில் ஓட்டல் வேலை, பண்டிகைக்கு வருவார். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அந்தச் சொட்டு எங்கள் வீட்டில் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில், மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்கு அதன் மேல் பெருமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணைக் கசக்கினால் பெயரை எழுதிக் கொடுப்பாள். என் தலையைத் தன் மடியில் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, ஒரே சொட்டு, ஒரே இடத்தில் விழுமாறு ஊற்றுவாள். மூடிய கண் மேல் முந்தானையை வைத்து ஒற்றி எடுப்பாள். நான் கல்லூரி முடித்த பிறகும் அப்படித்தான்.

சிலருக்கு அந்தச் சொட்டை நிறுத்தினால் கண் அழுத்தம் தானாக இறங்கிவிடுமாம். எனக்கு இறங்கவில்லை. வருடங்கள் அதிகம். டாக்டர் மூன்று வகைச் சொட்டுகள் எழுதிக் கொடுத்தார். அவை பழைய பாட்டில் இருந்த அதே தட்டில் வந்து உட்கார்ந்தன. "அரிப்புக்கு நல்ல கம்பெனியா மாத்திக் கொடுத்திருக்காங்கம்மா," என்றேன். "வெலை கூடத்தான் இருக்கும்," என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பார்வைப் புலச் சோதனை என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஃபீல்டு டெஸ்ட் என்பார்கள். இருட்டறை. பெரிய அண்டாவைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே வெள்ளையடித்தது போல ஒரு இயந்திரம். அதற்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும். தாடைக்கு ஒரு தாங்கி, நெற்றிக்கு ஒரு பட்டை. ஒரு கண்ணை மூடிக் கட்டிவிடுவார்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. பார்வை அதைவிட்டு நகரக்கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு சிறு வெளிச்சம் மின்னி மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அதைவிட எளிய வேலையை நான் செய்ததில்லை; அதைவிடக் கடினமானதையும்.

முதல் முறை எனக்கு முன்னால் சிவகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் உள்ளே இருந்தார். கதவுக்கு வெளியே வரை சத்தம் கேட்டது.

"எம்மா, நீ லைட்டே போடல. சும்மா ஒக்கார வச்சிருக்க."

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன் தாத்தா," என்றாள் சோதனை செய்யும் பெண். என்னைவிடச் சின்னவள்.

"எங்கன போட்ட? நீ தூங்கிட்ட."

பெரியவரின் மனைவி கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பிள்ளை போட்டுக்கிட்டுதான் இருக்கு. ஒமக்குத் தெரியல. சத்தம் போடாம இரியும்."

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன். ஒரு வெளிச்சம், அமுக்கினேன். இன்னொன்று, அமுக்கினேன். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. இயந்திரத்தின் உள்ளே மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. எதையோ நகர்த்துகிறது, எங்கேயோ வெளிச்சம் போடுகிறது. எனக்கு வரவில்லை. வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. சோதனை செய்யும் பெண் தூங்கிவிட்டாளோ என்று நானும் நினைத்தேன்.

"யக்கா, இது பரீட்சை இல்ல," என்றாள் அவள், வெளிச்சம் வருகிறதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது. "கண்ணு நல்லா இருக்கவங்களுக்கே எல்லாம் தெரியாது. தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலன்னா சும்மா இருங்க. மார்க்கு போடுதேன்னு நெனைக்காதிய."

அச்சிட்டு வந்த தாளில் இடது கண் ஏறக்குறைய முழுக்கக் கருப்பு. நடுவில் மட்டும் நகக்கண் அளவுக்கு வெள்ளை. வலது கண்ணில் மூக்குப் பக்கம் கருப்பு ஏறி நடுவை நெருங்கியிருந்தது. சோதனைக்கு வருபவர்கள் எல்லாம் அந்தக் கருப்பைப் பார்த்துப் பயப்படுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அது பொய்யாகப் பட்டது. நான் எங்கும் கருப்பைப் பார்க்கவில்லை. தெரு முழுதாகத்தான் தெரிகிறது. எருமை மட்டும் அதில் இல்லை. அதை யாருக்கும் விளக்க முடியாது. எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிப்பவளுக்குக் கண் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நரம்பின் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். அவர் பெண், அதிகம் பேசாதவர். விழித்திரையின் நரம்பிழைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி மூளைக்குப் போகின்றன. அந்த வாசலில் குழி விழுந்திருந்தது. இழைகளின் தடிமனைக் காட்டும் கோடு, மேடாக இருக்க வேண்டிய இடத்தில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "இதுக்கு மறுபடி வளர்ற பழக்கம் இல்லை," என்றார். "மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

இரண்டாவது சோதனை முதலாவதைவிட நன்றாக வந்தது. ஸ்கூட்டரைத் திரும்ப எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். "கண்ணு மாறல. நீங்க சோதனையைக் கத்துக்கிட்டீங்க. எல்லாருக்கும் ரெண்டாவது தடவை நல்லாத்தான் வரும்," என்றார் டாக்டர். என் தொழிலே சோதனை. அந்த வாக்கியத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு சோதனையை மாற்றினார்கள். விளிம்பில் தேட இனி ஒன்றும் இல்லை என்பதால், நடு வட்டத்துக்குள் மட்டும் நெருக்கமாகப் புள்ளிகளை வைத்துச் சோதித்தார்கள். தாளில் அந்தச் சிறு வட்டம் பக்கம் முழுவதும் பெரிதாகத் தெரிந்தது. வயலை விற்றுவிட்டு வீட்டு முற்றத்துக்கு வரைபடம் போடுவது மாதிரி இருந்தது எனக்கு.

ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி உண்டு. கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு விடும் நர்ஸ் கேட்பார்: "கூட ஆரு வந்திருக்கா?" யாரும் இல்லை என்பேன். "யாரையாவது கூட்டிட்டு வரக்கூடாதா? எப்படிப் போவிய?" நான் காத்திருந்து போவேன் என்பேன். பாப்பா சுருங்கும் வரை வாசல் பக்கத்து மரப்பெஞ்சில் இருப்பேன். வெளிச்சம் கண்ணுக்குள் கொட்டும். கைபேசியில் எழுத்து கலங்கித் தெரியும். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கும் வீரகேரளம்புதூர் பஸ்ஸுக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் வீடு நடக்கும் தூரம்தான். இருந்தும் கடைசியாகக் கிளம்புவது நானாகத்தான் இருக்கும்.

போன சாரலுக்கு முந்தைய சோதனையில் வலது கண்ணின் நடு வட்டத்துக்குள் கருப்பு ஒரு புள்ளி முன்னேறியிருந்தது. மூன்று சொட்டும் போதவில்லை. டாக்டர் அறுவை செய்ய வேண்டும் என்றார். மேல் இமைக்கு அடியில், வெண்விழியில், ஒரு சிறு வழி வெட்டி உள்ளே தேங்கும் நீர் வடிய விடுவது. செய்தால், மிச்சம் இருக்கும் பார்வையும் போய்விடும் ஆபத்து கொஞ்சம் உண்டு. செய்யாவிட்டால் போவது உறுதி.

"அதுக்குப் பிறகு அழுக்குத் தண்ணி கண்ணுல படக்கூடாது. கிருமி உள்ளே போயிடும். குளம், ஆறு, அருவி எதுவும் வேண்டாம். எப்பவுமே," என்றார். பிறகு, "நீங்க எந்த ஊரு?"

"தென்காசிதான் டாக்டர்."

"அப்ப கஷ்டம்தான்," என்று முதல் முறையாகச் சிரித்தார். "ஆபரேஷன் அன்னிக்கு வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கூடவே இருக்கணும்."

வீட்டு ஆள் என்றால் அம்மாதான். அம்மா வந்தால் எப்படி வந்தது என்று கேட்பாள். அதைச் சொல்லாமல் அவளை எப்படி அழைத்து வருவது என்பதே எனக்கு அறுவையைவிடப் பெரிய வேலையாக இருந்தது. சொல்ல வேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்தினேன். கண்ணில் அழுத்தம் இருக்கிறது. சின்ன ஆபரேஷன். நீ வர வேண்டும். காரணத்தைக் கேட்டால், சிலருக்கு அப்படி வரும். நான்காவதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். பொய் இல்லை. சிலருக்கு அப்படியும் வரும்.

குற்றாலத்துக்குப் போகலாம் என்று அழைத்தது நான்தான். கடைசியாக ஒரு முறை குளித்துவிட்டு, திரும்பும் வழியில் சொல்லிவிடுவது என்று திட்டம். சாரல் சரியாகப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்புப் படிப்பவள், நானும் வருவேன் என்று அழுததால் அவளையும் அம்மா கூட்டிக்கொண்டாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்த தலைகள். வழுக்கும் தரையில் அம்மாவின் தோளைப் பிடித்தபடி போனேன். கூட்டத்துக்காகப் பிடிக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

"ஏட்டி, மண்டையக் காட்டு. தோள்ல மட்டும் வாங்கிட்டு வந்தா அதுக்கு வீட்டுக் கொழாயே போதும்லா."

கண்ணை இறுக மூடிப் பிடரியைக் கொடுத்தேன். தண்ணீர் அடித்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் முதுகைத் தட்டினார். "எம்மா, தள்ளுதியா? அருவிய ஒம்பேருக்கு எழுதியா வச்சிருக்காவ?" நான் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது.

உடை மாற்றிவிட்டுச் சுவரோரம் நின்றோம். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். என் இடதுபக்கம் அம்மாவின் குரல் கேட்டது.

"கண்ணு எரியுதாட்டி?"

"அரிக்கி அத்தை."

"அருவித்தண்ணி அப்படித்தான் இருக்கும். இங்கன வா, நிமிரு. அக்காவுக்குச் சின்னதுலருந்து நான்தான் இதை ஊத்துனேன். அவ கண்ணு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு."

அவர்கள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். எனக்குத் தெரியவில்லை. முழுத் தலையையும் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. சிறுமி வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்திருந்தாள். அம்மாவின் விரல் அவள் இமையைப் பிடித்திருந்தது. மேலே அந்தப் பழைய சொட்டின் பாட்டில்.

அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம்மா."

"ஏன்? நேத்துதான் வாங்குனேன். தேதி எல்லாம் இருக்கு."

வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "இதாலதாம்மா எனக்குக் கண்ணு போச்சு," என்றேன்.

அம்மா சிரித்தாள். "எந்தக் கண்ணு போச்சு? இந்தா என்னையப் பாக்கியே."

"நேரா பாத்தாத் தெரியுது. பக்கத்துல தெரியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொட்டைக் கூடையில் போட்டுவிட்டு, அதிலிருந்த சீப்பை எடுத்தாள். எனக்கு நேர் எதிரே நின்று, வலது கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டினாள். என் இடதுபக்கம். ஆஸ்பத்திரியில் இயந்திரம் இல்லாத அறையில் டாக்டர்கள் விரலைக் காட்டிச் செய்யும் அதே சோதனை. அம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

"என் மூக்கையே பாரு. சீப்பு தெரியுதா?"

"இல்ல."

கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வந்தாள். "இப்ப?"

"இல்ல."

"வெளையாடாத. இப்ப?"

"இல்லம்மா."

தண்ணீர் விழும் சத்தத்தில் அவள் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. கடந்து போன இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். சீப்பு அவளுடைய காதுக்குப் பக்கத்தில், ஈர முடியைத் தொடும் இடத்துக்கு வந்தபோதுதான், "இப்பத் தெரியுது," என்றேன்.

அவள் கையை அங்கேயே வைத்திருந்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு சீப்பைக் கூடையில் வைத்தாள்.

"எனக்குச் சொட்டு ஊத்தலையா அத்தை?" என்றாள் சிறுமி.

"ஒனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போயி நல்ல தண்ணில கழுவிக்கிடுவோம்."

பஸ்ஸில் அம்மா என் இடதுபக்கம் உட்கார்ந்தாள். சிறுமி அவள் மடியில் தூங்கிவிட்டாள். பஸ் தென்காசிக்குள் நுழைந்தது. நான் அறுவை பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "எத்தனை வருசமா இதைத் தெரிஞ்சு வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய் வந்தாள். சண்டை போட்டிருப்பாளோ என்று பயந்தேன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். "அந்த அண்ணாச்சி அவரு மகளுக்கும் இதைத்தான் ஊத்துதாராம். அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி அழுத்தம் பாருங்க அண்ணாச்சின்னு சொன்னேன். ஒக்காந்துட்டாரு."

ஆஸ்பத்திரியில், கையெழுத்துக்கு முன், டாக்டர் வழக்கமான கேள்விகளைத் திரும்பக் கேட்டார். கண்ணுக்கு எப்போதாவது சொந்தமாகச் சொட்டு வாங்கிப் போட்டதுண்டா? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "நான் ஊத்துனேன் டாக்டரம்மா. ஒரு சீசன் விட்டதில்ல." டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். "இது நெறைய வீட்டுல நடக்குது," என்றார். அம்மாவுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கூட ஆள் வந்த முதல் நாள் அது.

நாங்கள் இருவரும் எதிர்பார்க்காத ஒன்று அறுவைக்குப் பிறகு வந்தது. எழுதிக் கொடுத்த சொட்டுகளில் ஒன்று ஸ்டீராய்டு. வெட்டிய வழி தானே மூடிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். அழுத்தத்தை அடிக்கடி பார்த்து, குறைத்துக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். ஆஸ்பத்திரிப் பெண் அதை விளக்கிச் சொன்னாள். அம்மா பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இது அந்தச் சாதிதானே?"

"ஆமாம்மா. ஆனா இப்ப அவங்க பாத்துப் பாத்துக் கொடுக்காங்க."

அம்மா அதை மேசையில் வைத்தாள். கைகளை முந்தானையில் துடைத்தாள்.

இப்போதைய நிலை இது. வலது கண்ணின் அழுத்தம் இறங்கியிருக்கிறது. நடு வட்டம் போன சோதனையில் இருந்தபடியே இருக்கிறது. இடது கண்ணில் செய்ய ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. வேலை இருக்கிறது. அருவிக்குப் போவதில்லை. சொட்டு விடும் நேரம் வந்ததும் அம்மா கூப்பிட்டு நினைவுபடுத்துகிறாள்; பக்கத்தில் வந்து நிற்கிறாள். பாட்டிலைத் தொடுவதில்லை. நான் கட்டிலில் படுத்து, இமையை நானே இழுத்து, நானே விட்டுக்கொள்கிறேன். சில நேரம் கன்னத்தில் விழுந்துவிடுகிறது.